விருந்தாளிக்கு வேலை இல்லை

காலை ஏழு மணி இருக்கும். பள்ளிக்கூடத்தின் பின்சுவருக்கு முன்னால் ஃப்ரெயா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் நீலப் பெயின்ட் டின். சாயம் பட்டால் பரவாயில்லை என்று டென்மார்க்கிலிருந்தே கொண்டுவந்த பழைய சட்டை, தலையில் ஒரு துணிக்கட்டு. ஆள் வேலைக்குத் தயார்.

சுவர்தான் தயாராக இல்லை. அது முடிந்துபோயிருந்தது.

முந்தின நாள் மதியம் மூலையில் ஒரு கதவளவுக்கு நீலம் அடித்துவிட்டுப் போயிருந்தாள், அவ்வளவுதான். இப்போது சுவர் முழுக்க நீலம். மேலே மேகம், நடுவில் தோகை விரித்த மயில், மயிலுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'நல்வரவு'. தோகையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பச்சை ஒட்டியது.

"ராஜி, இதை யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணனின் லாரி முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்குள் நுழைந்ததை நானே பார்த்தேன். லாரியில் பிள்ளைகளின் அப்பாமார். புக்கிட் தெங்கா தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து, பினாங்குப் பாலம் தாண்டி, சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள்.

"பாவம் லா டீச்சர், அந்தப் பொண்ணு வெயில்ல நின்னு அடிக்குது. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. வீட்டுக்கு வந்த புள்ளகிட்ட வேல வாங்கலாமா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஏணியில் ஏறிவிட்டார்.

இதை அப்படியே ஃப்ரெயாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் பெயின்ட் டின்னைக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். எனக்கு அடக் கடவுளே என்றாகிவிட்டது.

பென்சில் மூட்டை

போன வாரம் எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டுநரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? பத்திரிகை கடைக்கு வந்த அன்றே அவர் மனைவி போன் போட்டு என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். மனுஷன் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கியதை ஊருக்கே சொல்ல வேண்டுமா என்று. வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஃப்ரெயாவின் நினைப்பு வந்தது. திட்டு வாங்குவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று எனக்குக் காட்டியவள் அவள்.

பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி மூச்சுவிட ஆரம்பித்த சமயம். கல்லூரி மாணவர்களை வளரும் நாடுகளின் பள்ளிகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பும் ஓர் அமைப்பு, பினாங்குத் தீவில் எங்கள் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எங்கள் தலைமையாசிரியர் பயந்த சுபாவக்காரர். "வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காது டீச்சர்" என்று சொல்லி, வரச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஃப்ரெயா, இருபது வயதுப் பெண். கூட ஆஸ்கர் என்ற பையன். அவன் உயரத்துக்கு எங்கள் வகுப்பறைக் கதவுகளில் தினமும் தலைவணங்கித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

வரும்போது மூட்டை நிறையப் பென்சில் கொண்டுவந்தார்கள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, கொசுவலை, மின்சாரம் இல்லாவிட்டால் உதவும் என்று தலையில் மாட்டும் விளக்கு. என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சுவரளவு டிவி திரையைப் பார்த்ததும் ஃப்ரெயா மெதுவாக அந்த விளக்கைப் பைக்குள் தள்ளினாள். என் மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், வைஃபை பாஸ்வேர்டு வேணுமா?" என்று கேட்டாள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க மட்டும் இதை எழுதவில்லை. எங்களுக்கும் குறைகள் உண்டு. பின்சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. புத்தக மூலைக்கு அலமாரி இல்லை. மழை பெய்தால் கேண்டீன் கூரை ஒழுகும். செய்ய வேலை இருந்தது, செய்ய விடத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கமாம். முதல் நாள் ஃப்ரெயா எங்கள் தலைமையாசிரியரையே பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சொந்தப் பெயரைக் கேட்டு அவருக்கு ரொம்ப நாளாகியிருக்கும் போல, திரும்பிப் பார்க்கவே இல்லை.

முதல் தமிழ்ச் சொல்

எங்கள் கேண்டீனை நடத்தியவர் சரசு அக்கா. அவர் கீழே "அடேய்!" என்றால் மாடியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். ஆனால் விருந்தாளி என்று வந்துவிட்டால் அந்தக் குரல் வெல்லப்பாகுதான். ஃப்ரெயா என்ற பெயர் அவர் வாயில் முதல் நாளே பிரியா ஆகிவிட்டது.

"பிரியா மிஸ், உக்காருங்க. மாக்கான், மாக்கான்!" என்பார். சாப்பிடச் சொல்வதை மலாயில் சொன்னால் வெள்ளைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் என்பது அக்காவின் நம்பிக்கை.

காலையில் தோசை. பத்து மணிக்கு மீகூன், அதாவது அரிசிச் சேமியா. மதியம் சோறு. கிளம்பும்போது கையில் பொங்குஸ், பொட்டலமாகக் கட்டிய வடை. ஃப்ரெயா கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் 'போதும்'. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு மதிப்பும் கிடையாது என்பதை அடுத்த நாளே கற்றுக்கொண்டாள்.

ஆஸ்கர் இதையெல்லாம் போராட்டமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளே சரணடைந்துவிட்டான். பிள்ளைகள் அவன் தோளில் ஏறி விளையாட, அவன் வடை தின்றுகொண்டிருந்தான். ஃப்ரெயாதான் விடாக்கண்டன்.

சின்னம்மாவின் பிரிட்ஜ்

இது எங்கள் பள்ளியின் நோய் மட்டும் இல்லை, எங்கள் சனத்துக்கே உள்ளது. தாசேக் கெலுகோரில் எனக்கொரு சின்னம்மா இருக்கிறார். அவருடைய மருமகனுக்குக் கல்யாணமாகி, தொப்பை விழுந்து, வழுக்கையும் விழுந்த பிறகும் அந்த வீட்டில் அவர் மாப்பிள்ளைதான். ஒரு நாள் மனுஷன் தாகம் தாங்காமல் தானே எழுந்துபோய் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டார்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சின்னம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஓடிவந்துவிட்டாள். அன்றிலிருந்து தாகமெடுத்தால் மாப்பிள்ளை பிரிட்ஜைப் பார்த்து இருமுவார், எழுந்திருக்க மாட்டார்.

அதே சின்னம்மாவிடம் பெற்ற மகள் தண்ணீர் கேட்டுப் பார்க்க வேண்டும். "ஏன், கை இல்லையா? எடுத்துக் குடி!" இதுதான் பதில். ஃப்ரெயாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் நான் என்றைக்கும் அந்த மாப்பிள்ளைதானா?" என்று கேட்டாள்.

நான் கொடுத்த வாக்கு

சுவரைப் பார்த்து அழுத அன்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. இரண்டு கோடை விடுமுறை மீன்கடையில் நின்று டிக்கெட்டுக்குச் சேர்த்தாளாம். இங்கே எல்லாரும் அவளுக்குச் சமைக்கிறார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள், அவள் செய்ய வந்ததையும் அவர்களே செய்கிறார்கள்.

"உதவி செய்ய வந்தேன், பாரமாக ஆகிவிட்டேன். இந்த வாரமே கிளம்பிவிடுகிறேன், ராஜி."

"கிளம்புறதப் பத்திப் பேசாத. போறதுக்குள்ள இந்தப் பள்ளியில ஒரு வேலையாவது முழுசா உன் கையால நீ செய்வ. நானாச்சு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வீராப்பாகத்தான் சொன்னேன். எப்படி என்று அப்புறம்தான் யோசித்தேன்.

முதலில் அலமாரி. பலகை வாங்கிக் கொடுத்தேன். அவள் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பள்ளிக் காவலாளி, முனியாண்டி அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் வந்து, அலமாரி நின்றுகொண்டிருந்தது. அவள் போட்ட கோட்டின்மேல்தான் அறுத்தோம் என்று பெருமையாக வேறு சொன்னார்.

அடுத்தது, புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை. அவளை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "ஐயோ, மிஸ் ஒண்டியா உக்காந்து ஒட்டுறாங்க!" என்று சத்தம் போட, மற்ற அம்மாமாரும் உள்ளே நுழைந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஃப்ரெயாவின் கையில் கத்தரிக்கோல் இல்லை. உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் இருந்தது.

சரி, வீட்டிலாவது விட்டேனா? ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் என் மகனின் அறையில்தான் அவள் தங்கியிருந்தாள். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அறை காலியாகக் கிடந்தது. ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். என் கை தானாகப் போய்த் தட்டைப் பிடித்தது. அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, ரசம் இரண்டு பேர் மேலும்.

"நீங்களுமா?" என்று பார்த்தாள். வாக்குக் கொடுத்த வாய் ஒன்று, தட்டைப் பிடுங்கிய கை ஒன்று. இரண்டும் என்னுடையதுதான், என்னத்தைச் சொல்ல.

மாலையும் நாற்காலியும்

அவள் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. கேண்டீன் தினம். அன்று திடலில் கூடாரம் போட்டு, பெற்றோர்கள் ஆளுக்கொரு கடை திறப்பார்கள். பிள்ளைகள் கூப்பனை வைத்துக்கொண்டு வயிறு வெடிக்கத் தின்பார்கள். ஆள் பற்றாத நாள். அன்றைக்குக்கூட இவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் வேறு எப்போது?

சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டேன். "பிரியாவுக்கும் ஒரு பொறுப்பு கொடுங்க அண்ணே" என்று முனியாண்டி அண்ணனிடம் மன்றாடினேன்.

"கவலய விடுங்க டீச்சர். பெரிய பொறுப்பாவே கொடுத்திருக்கேன்" என்றார்.

கேண்டீன் தினத்தன்று காலை அந்தப் பொறுப்பு தெரிந்தது. மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு நாற்காலி. ஃப்ரெயாவுக்கும் ஆஸ்கருக்கும் ஆளுக்கொரு மாலை, சட்டையில் குத்திக்கொள்ள 'சிறப்பு விருந்தினர்' என்று பட்டை. ஆஸ்கர் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். ஃப்ரெயா மேடையிலிருந்தே என்னைப் பார்த்தாள். நான் கூடாரக் கம்பியை ஆராய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது கொடிமலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பினாங்கு மழை சொல்லிவிட்டா வரும்? ஒரே அடி. காற்றில் கூடாரம் எழும்பியது. முனியாண்டி அண்ணன் கம்பியைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார், ஆஸ்கர் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தான். அம்மாமார் குண்டானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சரசு அக்காவும் கேஸ் அடுப்பை மீட்கத் திடலுக்குப் பறந்தார்.

ஃப்ரெயா மாலையோடு ஓடிவந்து ஒதுங்கியது கேண்டீன் சமையலறையில். வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவளை யாரும் ஜாகா பண்ணவில்லை, பக்கத்தில் நின்று காவல் காக்கவில்லை. தொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, சவுக்காரம் இருந்தது, கம்பி நார் இருந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் சரசு அக்காவின் தோசைக்கல்லும் இருந்தது.

பளபளவென்று

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிய பெரிய இரும்புக்கல். வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக் குடித்து, மேலே மினுமினுவென்று ஒரு கருப்பு ஏறியிருக்கும். மாவை ஊற்றினால் தோசை தானாகக் கழன்று வரும். அக்கா அதில் வேறு யாரையும் கரண்டி வைக்க விட்டதில்லை. துணியால் துடைப்பாரே தவிர, சவுக்காரம் காட்டியதே இல்லை.

டென்மார்க்குக்காரிக்கு இது எப்படித் தெரியும்? பல வருஷமாக யாரும் கழுவாமல் விட்ட ஒரு பாத்திரம் என்று நினைத்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் அதன்மேல் காட்டிவிட்டாள்.

மழை விட்டது. தோசைக்கு வரிசை கட்டிவிட்டார்கள். சரசு அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் நான். கல் வெள்ளித் தாம்பாளம்போல மின்னியது. பக்கத்தில் ஃப்ரெயா, முழங்கைவரை நுரை, முகமெல்லாம் சிரிப்பு.

 அக்கா கல்லை அடுப்பில் ஏற்றி, மாவை ஊற்றினார். ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டு இன்னொன்று ஊற்றினார். அதுவும் பிய்ந்து பிசினாக வந்தது. கரண்டியைக் கீழே போட்டார்.

"அடிப்பாவி! யாருடி ஒன்ன இதத் தேய்க்கச் சொன்னது? எத்தன வருஷமா நான் பழக்கி வச்ச கல்லு! சவுக்காரம் போட்டுத் தேச்சு வச்சிருக்கியே, கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? ஒரு வார்த்த கேக்க வாயில்லையா ஒனக்கு? இப்ப வரிசையில நிக்கிற சனத்துக்கு ஒன் தலையிலயா தோச ஊத்துவேன்?"

சத்தத்தில் திடல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முனியாண்டி அண்ணன் வாயில் வைத்த சாத்தே இறைச்சிக் குச்சியை எடுக்க மறந்து நின்றார். தலைமையாசிரியர் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அக்காவுக்கும் அப்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்திருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ மிஸ்... மன்னிச்சிருங்க மிஸ்..."

மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஃப்ரெயாவின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. மறுபடி அழப்போகிறாள், இன்றைக்கே விமானம் ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இதை எப்படிச் சரி செய்வது என்று கேளுங்கள், ராஜி."

கேட்டேன். அக்கா தயங்கினார். அதற்குள் முனியாண்டி அண்ணன் வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நீங்க போய் உக்காருங்க மிஸ், நான் பாத்துக்கிறேன்."

அக்கா அவரைப் பார்த்தார். வெல்லப்பாகும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நீங்க சும்மா நில்லுங்கண்ணே! கெடுத்தவ இவதானே, இவளே சரி பண்ணட்டும். ஏய் பிரியா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வெங்காயத்த எடு!"

அப்புறம் பார்க்க வேண்டுமே. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தோய்த்து, கல்லைத் தேய் தேய் என்று தேய்த்தாள். புகை கண்ணைக் கரித்தது. அக்கா பின்னால் நின்று, "ஓரத்துல தேய்... தீயக் கொற... ஏன் இப்படி அவசரப்படுற" என்று தமிழிலேயே விரட்டிக்கொண்டிருந்தார். ஊற்றிய தோசை பிய்ந்தது, அடுத்ததும் பிய்ந்தது. பிய்ந்ததையெல்லாம் ஆஸ்கர் தின்று தீர்த்தான். அவன் இந்தப் பள்ளிக்குச் செய்த ஒரே தொண்டு அதுதான், குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஒரு தோசை, ஓரம் சுருண்டு, முழுசாகக் கழன்று வந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகைதான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அப்பா வந்தார்

அன்று சாயங்காலம் அண்டா குண்டானெல்லாம் ஃப்ரெயாதான் கழுவினாள். பழக்கதோஷத்தில் நான் பிடுங்கப் போனேன். "டீச்சர், நீங்க போய் உக்காருங்க" என்று அக்கா என்னை விரட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் என் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். சுட்டுக்கொண்ட விரலைக் காட்டினாள். "இன்று எனக்கு எவ்வளவு திட்டு விழுந்தது பார்த்தீர்களா?" என்றாள். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அவளைக் கூட்டிப்போக அவளுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா ஊரில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள். கேண்டீனில் வழியனுப்பும் விருந்து. தோசைக்கல் முன்னால் ஃப்ரெயா. அக்கா கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அப்பா ரசித்துச் சாப்பிட்டார். முடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நடந்தார். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் ஃப்ரெயா பாய்ந்துவிட்டாள்.

"ஐயோ! வைங்க, வைங்க! உக்காருங்க!"

அச்சு அசலாக சரசு அக்காவின் குரல். அப்பாவுக்குத் தமிழ் புரியவில்லை, தட்டை விடவும் இல்லை. மகள் ஒரு பக்கம் இழுக்க, அப்பா ஒரு பக்கம் இழுக்க, சாம்பார் இரண்டு பேர் மேலும்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்னா பிரியா, ஒங்கப்பாவுக்கு ஒன்னும் சொல்லிக் குடுக்காமலா வளத்த?"

மனுஷன் கடைசியில் தோற்று உட்கார்ந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஆஸ்கரிடம் ஏதோ கேட்டார். ஆஸ்கர் அவர் காதில் ஒரு சொல்லைச் சொன்னான். அவர் அதை இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, மகளைப் பார்த்து ரொம்பக் கவனமாகச் சொன்னார்.

"போதும்."

ஃப்ரெயா கல்லிலிருந்து இன்னொரு தோசையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.